கூட்டிப் போடு மோனை

சத்தமில்லாமல் கதைக்கிறவர்களைச் சனம் நல்லவர்கள் என்று நினைக்கிறது. அந்தப் பிழையான எண்ணத்தின் தயவில் நான் அறுபது வயது தாண்டும் வரை வட்டக்கச்சியில் மரியாதையாகச் சீவித்தேன். "தங்கமான மனுசி, வாயில விரலை வைச்சாலும் கடிக்கமாட்டா" என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். உண்மை என்னவென்றால், நான் எல்லோரையும் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். வாய்க்குள்ளேயே கடித்ததால் ஒருவருக்கும் நோகவில்லை.

என் குரல் அப்படி. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கு வீட்டு நிலைமை ஒரு காரணம். ரீச்சர் பெயர் கூப்பிடும்போது நான் "ஓம் ரீச்சர்" என்று சொல்வது அவவுக்குக் கேட்காமல், பாதி நாள் நான் வராத கணக்கில் இருந்ததும் ஒரு காரணம். ஒருமுறை மாதர் சங்கக் கூட்டத்தில் என்னை நன்றியுரை சொல்லச் சொல்லி மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். நான் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடித்தேன். முடித்த பிறகு செயலாளர் பிள்ளை மைக்கைத் தட்டிப் பார்த்து, "மைக் வேலை செய்யேல்லைப் போல. மாமி, இனித் தொடங்குங்கோ" என்றாள். அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன்: என் குரல் மைக்கில் ஏறாது. (இந்த ஒரு முடிவுதான் பிறகு என்னைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் விழுத்தியது.)

இப்படிப்பட்ட என்னை என் மகள் வதனி பாட்டுப் பாட நேர்ந்துவிட்டாள். எங்கள் ஊரில் நேர்த்தி வைப்பது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர். தகப்பன் நேருவார், பிள்ளைக்கு மொட்டை விழும். வதனியின் புருசன் கனடாவில். கலியாணம் முடித்த கையோடு போனவர், அவளைக் கூப்பிட அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். விசா இழுபட்டது. அவள் அம்மாளாச்சி கோயிலில் நின்று, "விசா கெதியா வரவேணும். பொங்கலுக்கு எங்கட அம்மா உன்ர பாட்டைப் பாடி, அதை ஒலிபெருக்கியில போடுவிப்பன்" என்று நேர்ந்துவிட்டு வந்து, குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த எனக்குச் சொன்னாள்.

"என்னைக் கேக்காம ஏன் பிள்ளை நேர்ந்தனி?"

"என்னம்மா? கேக்கேல்லை."

வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். முந்தி அங்கே இருந்த மற்றவர்களைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்வதைத் திருப்பித் திருப்பிக் கேட்டாவது விளங்கிக்கொள்கிற சீவன் உலகத்தில் அவள் ஒருத்திதான். ஊரில் மற்றவர்கள் இரண்டாம் தரம் கேட்கமாட்டார்கள், சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அவள் கனடாவுக்குப் போனால் நான் சுவரோடுதான் கதைக்க வேண்டும். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. புருசனிடம் போகிற பிள்ளையை மறிக்கிற தாய் என்ற பெயர் எனக்கு வேண்டாம். ஊர் முழுக்க, "விசா வரவேணும் எண்டுதான் ஒவ்வொரு நாளும் கும்பிடுறன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பாட்டை எடுத்தவன் சுதன், என் தங்கச்சியின் மகன். கோயில் பாட்டு, பெரியபிள்ளையானால் வைக்கிற சாமத்தியவீட்டு வீடியோவுக்குப் பாட்டு, மூன்று சில்லு ஓட்டோவில் மீன் விற்கிறவரின் "வாங்கோ வாங்கோ" என்ற அறிவிப்பு எல்லாம் அவன்தான் செய்வான். அவனுடைய ஸ்ரூடியோ என்பது அவன் படுக்கிற அறை. சத்தம் வெளியில் போகாமல் சுவர்களில் மெத்தைகளைச் சாத்தி, ஜன்னலுக்குக் கம்பளி கட்டியிருந்தான். காற்றாடியின் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டான். காதில் ஒன்றை மாட்டிவிட்டு, "பெரியம்மா, ஏழு கண்ணியும் பாடுங்கோ. ஒவ்வொரு கண்ணிக்குப் பிறகும் கொஞ்சம் பொறுங்கோ. அந்த இடைவெளியில பூசாரியாரின்ர உடுக்கைப் பிறகு நான் சேர்ப்பன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான்.

அவிகிற அறை. முன்னால் ஒரு மைக். எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் நான் அம்மாளாச்சியோடு கதைப்பேன். சின்னப் பிராயத்திலிருந்து வந்த பழக்கம் அது, உதடு அசையும், எனக்கே சரியாகக் கேட்காது. கண்ணியைப் பாடுவேன், இடைவெளி வரும், அவவோடு ஏதாவது கதைப்பேன், அடுத்த கண்ணியைப் பாடுவேன். மைக்கில் என் நன்றியுரையே ஏறவில்லை, முணுமுணுப்பா ஏறப்போகிறது? போதாததற்கு அந்த இடத்தில் உடுக்கு வேறு வரப்போகிறதே. கடைசிக் கண்ணிக்கு முதல் ஒரு இடைவெளி வந்தது. வெளியில் கேட்பதெல்லாம் பொய், உனக்கு உண்மை தெரியும்தானே என்று தொடங்கி, வதனியின் விசாவை இந்த வருசம் விடாதே என்று கேட்டுவிட்டேன். நேர்த்திப் பாட்டுக்கு நடுவில் நின்று நேர்த்திக்கு எதிராக மனுப் போட்ட ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பொங்கலுக்கு முதல் நாள் பின்னேரம் சுதன் பாட்டைப் போட்டுக் காட்டினான். நான், வதனி, கோயில் தலைவர் சிவகுரு அண்ணை மூவரும் கதிரைகளில் இருந்து கேட்டோம். மெல்லத் தொடங்கி, ஏறி, இறங்கி, நல்லாகவே இருந்தது. இடைவெளிகளில் உடுக்கு மட்டும்தான். என் முணுமுணுப்பு மருந்துக்கும் இல்லை. நான் அம்மாளாச்சிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

தலைவர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "பாட்டு நல்லம். ஆனா சத்தம் காணாது."

"அங்க அம்ப்ளிபயரில கூட்டலாம் அண்ணை" என்றான் சுதன்.

"அது முழுக்கத் திருப்பித்தான் கிடக்கு. வாய்க்காலுக்கு அங்கால பிள்ளையார் கோயில்காரர் புதுப் பாட்டு ஒண்டு போடுறாங்கள், கேட்டனியே? எங்களிட்ட உள்ள அதே ஸ்பீக்கர்தான். நெஞ்சில வந்து இடிக்குது. நாளைக்கு எங்களுக்கும் பொங்கல், அவங்களுக்கும் பொங்கல். இந்தப் பாட்டைப் போட்டா எங்கட அம்மாளாச்சி சும்மா வாயை அசைக்கிற மாதிரித்தான் இருக்கும்."

"அவங்கட பாட்டை நெரிச்சு வைச்சிருக்கிறாங்கள் அண்ணை. கொம்பிரசர் எண்டு ஒண்டு."

"ரயருக்குக் காத்தடிக்கிறதே?"

"அது வேறை. இது கொம்பியூட்டருக்குள்ள. பெரிய சத்தத்தை அமத்தி, சின்னச் சத்தத்தைத் தூக்கி, எல்லாத்தையும் ஒரு மட்டமாக்கும். பிறகு முழுசா உயர்த்தினா நெஞ்சில இடிக்கும். வயலுக்கு மட்டம் அடிக்கிற மாதிரி எண்டு வையுங்கோவன். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பிப்போட்டுத் தண்ணியைக் கட்டுறது." அவன் என்னைப் பார்த்தான். "ஆனா பெரியம்மாவின்ர பாட்டுக்கு அது கூடாது. அவாவின்ர குரலில உள்ள ஏற்ற இறக்கமெல்லாம் போயிடும்."

வயல் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து வாய்க்காலுக்கு அங்காலிருந்து பிள்ளையார் கோயில் பாட்டு ஜன்னல் கம்பளியையும் தாண்டி வந்து விழுந்தது. யாரோ ஒரு பெண்பிள்ளை பாடுகிறாள். என்ன சத்தம். வாழ்க்கை முழுக்க "கேக்கேல்லை, கேக்கேல்லை" என்று கேட்டு வந்த எனக்குள் என்னவோ ஒன்று எழும்பியது. அதைப் பொறாமை என்று சொல்லலாம். பேராசை என்றும் சொல்லலாம். விசர் என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

"கூட்டிப் போடு மோனை" என்றேன் சுதனைப் பார்த்து.

மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் சொன்னது அவர்களுக்கு முதல் தரத்திலேயே கேட்டுவிட்டது.

"பாத்தியே, பாடினவாவே சொல்லிப்போட்டா" என்றார் தலைவர். "நல்லா நெரி."

மேட்டை வெட்டிப் பள்ளத்தை உயர்த்தினால் பள்ளத்துக்குள் கிடந்த நத்தையும் நண்டும் மேலே வரும் என்று, வயலிலேயே சீவியம் போன எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

அடுத்த நாள் விடியக் கரண்ட் போய்விட்டது. மத்தியானத்துக்குப் பிறகுதான் வந்தது. சுதன் அவசர அவசரமாகப் பாட்டை நெரித்து, திருப்பிக் கேட்கவும் நேரமில்லாமல், பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கோயிலுக்கு ஓடிவந்தான். அங்கே முற்றத்தில் கல் வைத்து வரிசையாகப் பானைகள் ஏறியிருந்தன. வதனி விசாவுக்கென்று புதுப்பானை வைத்திருந்தாள். எனக்கு இந்தப் பக்கத்தில் பரமேஸ் அக்கா. அவ எங்கள் ஒழுங்கையின் மூத்த மனுசி, அவவின் பானை ஒரு வருசமும் பொங்காமல் விட்டதில்லை என்று பெயர் எடுத்தவ.

தலைவர் மைக்கைப் பிடித்து, "எங்கட ஊர் அம்மா பாடின பாட்டு" என்று அறிவித்தார். என் காது சுட்டது. முதலில் ஒரு மாடு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது நான் பாட முதல் இழுத்த மூச்சு. பிறகு என் குரல் தென்னைமர உயரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து இறங்கி வந்தது. ஒரு கண்ணி முழுக்க நான் சந்தோசமாக இருந்தேன். சனமெல்லாம் என்னைப் பார்த்தது. வதனி என் தோளில் கை வைத்தாள். என் ஆயுளில் நான் சத்தமாக இருந்த நேரம் அவ்வளவுதான்.

கண்ணி முடிந்து உடுக்கு தொடங்கியது. அதற்கு மேலால், பாட்டுக்கு ஈடான சத்தத்தில், ஊர் முழுக்கக் கேட்கும்படி நான் சொன்னேன்:

"அம்மாளாச்சி, வேர்த்துக் கொட்டுது. இந்த மெத்தையில எந்தப் பிள்ளை மூத்திரம் பெஞ்சதோ தெரியேல்லை."

முன்னால் நின்ற ஒரு ஐயா அதையும் பாட்டென்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சுதனின் மனுசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் போனாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. யாரோ என்னைப்போலக் கதைக்கிறார்களாக்கும் என்றுதான் பார்த்தேன்.

இரண்டாம் கண்ணி முடிந்தது.

"தலைவர் அண்ணை கூரைத்தகடு குடுத்தவர் எண்டு ஒவ்வொரு தகட்டிலயும் தன்ர பேரை எழுதி வைச்சிருக்கிறார். மழை பெஞ்சா அந்தப் பேர் எழுதின இடத்தாலதான் ஒழுகுது, தாயே."

சனம் முழுக்க அண்ணாந்து தகட்டைப் பார்த்தது. தலைவர் ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடினார். "நிப்பாட்டு, நிப்பாட்டு."

பூசாரியார் கையைக் காட்டி மறித்தார். "அம்மாளாச்சியின்ர பாட்டை இடையில நிப்பாட்டேலாது தலைவர். நிப்பாட்டினா முதலில இருந்து போடவேணும். அது வழக்கம்."

தகட்டுக் கதையைத் திருப்பியும் முதலிலிருந்து கேட்பதை நினைத்தாராக்கும், தலைவர் நின்ற இடத்திலேயே நின்றார். "அப்ப சத்தத்தையாவது குறை" என்றார். அந்தக் கணம் பார்த்து வாய்க்காலுக்கு அங்கால பிள்ளையார் கோயிலில் பாட்டுத் தொடங்கியது. நிருவாகத்தில் இருந்த ஆட்கள், "குறைச்சா அவங்கள் வெண்டிடுவாங்கள் அண்ணை" என்றார்கள். தலைவர் ஒருமுறை தகட்டைப் பார்த்தார், ஒருமுறை வாய்க்கால் பக்கம் பார்த்தார். மனிதருக்கு ஊர் மானம் பெரிதாகப் போய்விட்டது. "விடு. அப்பிடியே கிடக்கட்டும்" என்றார்.

மூன்றாம் கண்ணி முடியும்போது பரமேஸ் அக்கா குனிந்து, சீலைத் தலைப்புக்குள் மறைத்து வைத்திருந்த கேத்திலை எடுத்துப் பானைக்குள் சரித்துக்கொண்டிருந்தா. மேலே குழாயில் நான் சொன்னேன்:

"பரமேஸ் அக்கா பானை பொங்காட்டிச் சுடுதண்ணி ஊத்திப் பொங்க வைக்கிறவா. நீயும் காணாத மாதிரித்தான் இருக்கிறாய்."

கேத்தில் கையோடு அந்தரத்தில் நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பரமேஸ் அக்கா என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன். நிலம் பிளப்பதாகக் கதைகளில் சொல்வார்கள். எங்கள் பக்கத்து மண் இறுக்கம், பிளக்கவில்லை.

நாலாவது இடைவெளியில் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு ஏவறை மட்டும், ஏப்பம்தான், விட்டிருந்தேன். பாடின அன்று மத்தியானம் சாப்பிட்ட பயத்தங்காய்க் கறி அது. கொம்பிரசர் அதையும் தூக்கி நிறுத்தியது. கோயில் நாய் எழும்பிக் குரைத்தது. அஞ்சாவதில், "இன்னும் எத்தினை கண்ணி கிடக்கோ" என்ற பெருமூச்சு. இரண்டு மூன்று பொம்பிளையள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். வதனியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிள்ளை, எனக்குப் பக்கத்தில் நின்று, என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

எனக்கு அப்போதுதான் அடுத்த இடைவெளி நினைவு வந்தது.

ஒலிபெருக்கி இருந்த இடம் ஆம்பிளையளின் பக்கம். அந்தளவு சனத்தைக் கிழித்துக்கொண்டு போய் வயரைப் பிடுங்க எனக்கு ஏலாது. வேறு பிறவி எடுத்தால்தான் அது நடக்கும். என்னால் முடிந்தது ஒன்றுதான். வதனியின் கையைப் பிடித்து, "பிள்ளை, வா, வீட்டை போவம்" என்றேன்.

"என்னம்மா? கேக்கேல்லை."

"வீட்டை போவம், வா."

"பாட்டுச் சத்தத்தில ஒண்டும் கேக்கேல்லையம்மா. பொறுங்கோ, கண்ணி முடியட்டும்."

குழாயில் நின்ற நான், கீழே நின்ற என்னை விழுங்கிக்கொண்டிருந்தேன். கண்ணி முடிந்தது.

"அம்மாளாச்சி, வெளியில நான் கேக்கிறதெல்லாம் பொய், உனக்கு உண்மை தெரியும்தானே. வதனியின்ர விசாவை இந்த வருசம் விடாதை. அவள் போனா நான் ஆரோட கதைக்கிறது?"

அதற்குப் பிறகு உடுக்கு மட்டும் அடித்தது. சுதன் தலையில் கையை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டான். சிரித்துக்கொண்டிருந்த பொம்பிளையள் அடுப்பை ஊதுவதுபோலக் குனிந்தார்கள். வதனியின் கை என் தோளிலிருந்து எடுபட்டது. அவளுடைய பானை அப்போதுதான் பொங்கிக் கிழக்குப் பக்கமாக வழிந்தது. அதைவிட நல்ல சகுனம் இல்லை. வெடி கொளுத்த வேண்டியவர்கள் மறந்து நின்றார்கள். அவள் என்னைப் பாராமல் அரிசியை அள்ளிப் போட்டாள். ஏழாம் கண்ணியில் நான் மேலே நின்று, எல்லோரையும் வாழவைக்கச் சொல்லி அம்மாளாச்சியைப் பாடிக்கொண்டிருந்தேன்.

முதலில் வாய் திறந்தது பரமேஸ் அக்கா. "நான் என்ர பானைக்குள்ளதான் தண்ணி ஊத்தினனான். இவ பெத்த பிள்ளையின்ர அடுப்பிலயெல்லே ஊத்தினவ."

அதற்கு நான் மறுமொழி சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு நடந்து வரும்போது வதனி முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். படலையைத் திறந்து, பானையை இறக்கி வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எத்தினை தரம் அப்பிடிக் கேட்டனீங்கள் அம்மா?"

"அந்த ஒரு தரம்தான்" என்றேன். (ஒவ்வொரு நாளும் கேட்டேன். மற்ற நாட்களில் மைக் இல்லை, அவ்வளவுதான்.)

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"சொன்னா நீ போகமாட்டாய்."

"என்னம்மா?"

திருப்பிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு பொங்கலை ஒரு கோப்பையில் போட்டு என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அதில் உப்பும் இல்லை, சீனியும் இல்லை. இரண்டையும் போட மறந்திருக்கிறாள். நான் முழுக்கச் சாப்பிட்டேன்.

என் முணுமுணுப்பு அன்று காற்றடித்த பக்கமாக, தூரத்தில் இருக்கிற தர்மபுரம் வரைக்கும் போனதாக என் தங்கச்சி சொல்வாள். (அவள் கூட்டித்தான் சொல்வாள்.) சந்தியில் சீலைக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா கடைக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அடுத்த முறை நான் சீலை பார்க்கப் போனபோது, "அம்மா, விலை கூட எண்டா வாயைத் திறந்து என்னட்டயே சொல்லுங்கோ" என்றார். ஊரில் ஆட்கள் என்னைக் கண்டால் கதையைக் குறைத்தார்கள். நான் சும்மா உதட்டை ஈரப்படுத்தினாலும், "இப்ப என்ன சொன்னனீங்கள்?" என்று கேட்டார்கள். தங்கமான மனுசி என்ற பெயர் போனது போனதுதான்.

நல்லது ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லமுடியாது. அந்த மாரிமழைக்கு முதல் தலைவர் கூரைத்தகடு முழுக்க மாற்றினார். இப்போது ஒழுகுவதில்லை. பெயரை மட்டும் முந்தியதைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறார். பிள்ளையார் கோயில்காரர் சுதனைத் தேடி வந்து, "எங்களுக்கும் அந்தச் சத்தத்தில ஒண்டு செய்து தா தம்பி" என்றார்கள். "நிப்பாட்டாமக் கேக்கிற சனமும் வேணும் அண்ணை" என்றானாம் சுதன். இப்போது அவன் எந்தப் பாட்டையும் காதில் மாட்டி முழுக்கக் கேட்காமல் வெளியில் கொடுப்பதில்லை. அதற்கு அவன் வைத்திருக்கிற பெயர் "பெரியம்மா பாக்கிறது". "பாட்டு முடிஞ்சுது, பெரியம்மா பாத்துப்போட்டுத் தாறன்" என்பான்.

வதனிக்கு விசா வந்தது. பொங்கல் கழிந்து சில கிழமைகளிலேயே வந்துவிட்டது. வட்டக்கச்சி முழுக்க என் விண்ணப்பத்தைக் கேட்டது. வாய்க்காலுக்கு அங்கால பிள்ளையாரும் கேட்டிருப்பார். கேட்க வேண்டியவவுக்கு மட்டும் கேட்கவில்லை. வதனி போகிற அன்று வாசலில் நின்ற வானில் ஏற முதல் என் காதுக்குள், "இனிக் கதைக்கிறதெண்டா எனக்கு எடுங்கோ, அம்மாளாச்சிக்கு எடுக்காதேங்கோ" என்றாள். வான் போன பிறகு நான் சுவரோடு கதைத்துப் பார்த்தேன். சுவர் ஒருதரமும் "என்னம்மா" என்று கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு ஒரு பெண்பிள்ளை. பிள்ளையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டு அவள் விசாவுக்குப் போட்டாள். நானும் கோயிலுக்குப் போய், இந்த முறை உண்மையாகவே, உதடு அசையாமல் கும்பிட்டேன். மறுத்துவிட்டார்கள். திருப்பிப் போட்டாள். திருப்பியும் மறுத்துவிட்டார்கள். மறுத்த செய்தியை ரெலிபோனில் சொல்லும்போது அவள் முதலில் அழுதாள், பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, நீங்கள் அண்டைக்குக் கேட்டது அம்மாளாச்சிக்கு இப்பதான் போய்க் கேட்டிருக்கு. விசாவை விடாதை எண்டனீங்கள் எல்லே? விடேல்லை. ஆளைத்தான் மாத்திப் போட்டா."

இந்தக் கதையை அவள் கனடாவில் சொந்தக்காரர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். அங்கே யாருக்கு எந்தக் கடுதாசி பிந்தினாலும், "மாமி பாட்டுப் பாடிப்போட்டா போல" என்கிறார்களாம். ரெலிபோன் வீடியோவில் பேத்தி என்னைப் பார்த்துக் கை காட்டினாள். நான் அவளுக்கு ஒன்று சொன்னேன்.

"என்னம்மா? கேக்கேல்லை. சத்தமாச் சொல்லுங்கோ" என்றாள் வதனி.

"ஒண்டுமில்லை" என்றேன். அதை மட்டும் சத்தமாகச் சொன்னேன்.